தண்ணீரைக் கெட்டியாக்கும் சாந்தன் கம் பவுடர்: 5-க்கு 4

இந்தப் பவுடரால் பிள்ளைக்கு எடை ஏறாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையில் புரோட்டீன் டப்பாக்களுக்குப் பக்கத்திலேயே இதையும் அடுக்கி வைத்திருப்பதால் சத்துமாவு என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு, தண்ணீர், மோர், இளநீர் என்று வேகமாக ஓடுகிற எதையும் தொண்டையில் மெதுவாக இறங்க வைப்பதுதான் இதன் வேலை. அதை நன்றாகவே செய்கிறது. கம்பெனி பெயர் எழுதவில்லை. இந்த வகைப் பவுடர் எதற்கும் இது பொருந்தும்.

என் மகளுக்கு 8 வயது. செரிபிரல் பால்சி (மூளைப் பாதிப்பால் தசைகள் கட்டுப்பாட்டில் இல்லாத நிலை), தாங்கல் இல்லாமல் உட்கார மாட்டாள். குழைந்த பருப்புச் சாதம் இறங்கிவிடும், வெறும் தண்ணீர்தான் எமன். இருமினாலாவது புரையேறுகிறது என்று தெரியும். இவளுக்குப் பல நேரம் இருமலே வராது. கண் கலங்கும், குரல் களகளவென்று ஆகும், அவ்வளவுதான். நெஞ்சுச் சளி விட்டு விட்டு வந்தபோது பேச்சுப் பயிற்சியாளர் அவள் விழுங்குவதைப் பார்த்துவிட்டு இதை எழுதிக் கொடுத்தார். யாரும் பார்த்துச் சொல்லாமல் நீங்களாக வாங்காதீர்கள். எவ்வளவு கெட்டி வேண்டும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். (மல்லாக்கப் படுக்க வைத்துச் சங்கில் ஊற்றுகிற வீடுகளில் எந்தப் பவுடரும் காப்பாற்றாது. நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் லேசாகக் கீழே இருக்கும்படி கொடுக்க வேண்டும்.)

கூவைக்கிழங்கு மாவைக் காய்ச்சிக் கலந்தால் போதாதா, இவ்வளவு காசு எதற்கு என்று தோன்றும். எச்சில் கரண்டியைக் கஞ்சிக் கிண்ணத்தில் போட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் கஞ்சி நீர்த்துவிடுமே, பார்த்திருப்பீர்கள். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது. நம் பிள்ளைகள் ஒரு வாயை வெகுநேரம் அதக்கி வைத்திருப்பார்கள். கெட்டியாகக் கொடுத்தது உள்ளே போகும்போது தளர்ந்திருக்கும். சாந்தன் கம் ஒரு வகைப் பசை, மாவுச்சத்து அல்ல. அதை அமைலேஸ் ஒன்றும் செய்யாது. மலச்சிக்கலுக்குப் பாலிஎத்திலீன் கிளைகால் பவுடர் சாப்பிடும் பிள்ளையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதை ஸ்டார்ச் வகைக் கெட்டியாக்கியோடு கலந்தால் நீர்த்துப்போய் புரையேறலாம் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-இல் எச்சரித்தது. கடையில் இரண்டு வகையும் ஒரே மாதிரி டப்பாவில் இருக்கும். பின்பக்கம் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

கலக்குவதற்குக் கை பழக வேண்டும். தண்ணீரை முள்கரண்டியால் சுழற்றிக்கொண்டே பவுடரைத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழவழப்பும் உள்ளே காய்ந்த மாவுமாக உருண்டு நிற்கும், பிறகு எவ்வளவு அடித்தாலும் கரையாது. பாலில் கெட்டியாக நேரம் எடுக்கும். ஆகவில்லையே என்று இன்னொரு ஸ்கூப் போட்டால் அப்புறம் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும். ஒருநாள் நான் கலக்கியதைப் பார்த்த என் அத்தை, “ஏளா, பிள்ளைக்குக் குடிக்கக் குடுக்கியா, இல்ல போஸ்டர் ஒட்டப் போறியா?” என்றார்.

சரியான பதமா என்று பார்க்க 10 மி.லி. சிரிஞ்ச் போதும். 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மி.மீ. இருக்கும் சிரிஞ்சாக வாங்குங்கள். ஊசி இல்லாமல், முனையை விரலால் அடைத்து, 10 வரை ஊற்றி, விரலை எடுத்து 10 விநாடி விடுங்கள். 1 முதல் 4 மி.லி. மிஞ்சினால் முதல் நிலை, 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை, 8-க்கு மேல் மூன்றாம் நிலை. சொட்டே இறங்காவிட்டால் நான்கு. விழுங்கச் சிரமப்படுகிறவர்களின் உணவுக்கும் பானத்துக்குமான சர்வதேச அளவுகோல் இது, ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று சொல்கிறார்கள். மகளுக்கு எழுதியிருப்பது இரண்டாம் நிலை.

ஒரு மார்க் குறைத்ததற்குக் காரணம், ஸ்கூப் பவுடருக்குள் புதைந்து கிடக்கிறது, கையை விட்டுத்தான் தேட வேண்டும். மழைக்காலத்தில் மூடி சரியாக இறுகாமல் மேல்பரப்பு கட்டி தட்டுகிறது. விலையும் கடிக்கிறது. மற்றபடி தண்ணீரின் ருசி மாறவில்லை, நிறமும் தெளிவாக இருக்கிறது. ஆனால் வழவழப்பு பிடிக்காமல் பிள்ளை குடிக்கிற அளவு குறையும், மலச்சிக்கல் கூடும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள், சிறுநீர் மஞ்சளாகப் போகிறதா என்று பாருங்கள்.

எடை ஏற வேண்டுமானால் சாப்பாட்டில்தான் கை வைக்க வேண்டும். மாவிலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. கூடுதலாக வாங்கிக்கொள்ளாத வயிறாக இருந்தால் அதே கிண்ணத்துச் சாதத்தில் ஒரு தேக்கரண்டி நெய்யோ தேங்காய் எண்ணெயோ சேர்த்தால் 40 கலோரிக்குமேல் கூடும். எவ்வளவு சேர்க்கலாம் என்று டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிற்க முடியாத பிள்ளையின் உயரத்தைக் கணக்கிடவும் வழி உண்டு. குதிகாலிலிருந்து மடக்கிய முழங்கால் வரை செ.மீ.யில் அளந்து, 2.69-ஆல் பெருக்கி, 24.2 கூட்டுங்கள். அளவு 33 வந்தால் உயரம் ஏறத்தாழ 113 செ.மீ. இது 12 வயது வரைக்கும். ஊட்டுவதற்கே ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றால் நேராக வயிற்றுக்குள் உணவு செலுத்தும் குழாய் பற்றி டாக்டரிடம் பேசத் தயங்காதீர்கள்.

கைக்குழந்தைக்கு, அதுவும் குறைமாதத்தில் பிறந்ததற்கு, டாக்டர் சொல்லாமல் இதைக் கொடுக்கவே கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழற்சி வந்ததால் 2011-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., சாந்தன் கம் கெட்டியாக்கி ஒன்றுக்கு (அது பவுடர் அல்ல, ஜெல்) எச்சரிக்கை விட்டது. முதல் தடவை வாங்குகிறவர்கள் பெரிய டப்பா எடுக்க வேண்டாம், பாக்கெட்டாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.