ஊரில் நாய் கடித்தால்: ஊசி எளிது, சீரம்தான் சிக்கல்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வரும் குடும்பங்களில் நாயிடம் மாட்டிக்கொள்வது அதிகமும் குழந்தைகள். ஒன்று பயந்து ஓடுவார்கள், இல்லையென்றால் தடவிக்கொடுக்கப் போவார்கள். தமிழ்நாட்டில் ரேபிஸ் தடுப்பூசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் போடுகிறார்கள். இதில் பெரிதாகக் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் முதல் சிகிச்சை குழாயடியில்தான். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், கடிகாரம் பார்த்து 15 நிமிடம் கழுவ வேண்டும். இந்த வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்புறை உண்டு. சோப்பு அதை உடைத்துவிடும். பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் என்று பக்கத்து வீட்டார் எதைக் கொண்டுவந்தாலும் மறுத்துவிடுங்கள். இறுக்கிக் கட்டுப் போடுவதும் அவசரப்பட்டுத் தையல் போடுவதும் கூடாது.

மருத்துவர் காயத்தை மூன்று வகையில் ஒன்றாகக் குறிப்பார். காயமில்லாத தோலை நக்கியிருந்தால் ஊசி தேவையில்லை. ரத்தம் வராத கீறலுக்குத் தடுப்பூசி மட்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்தாலோ, பழைய புண்ணிலோ கண், வாயிலோ எச்சில் பட்டாலோ அது மூன்றாம் வகை. அதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற சீரமும் போட வேண்டும். கோட்டை விடுவது இங்கேதான்.

தடுப்பூசி உடலில் எதிர்ப்பாற்றலை உண்டாக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை காயத்திலேயே வைரஸை மடக்கிப் பிடிப்பது சீரம். சிறிய நிலையங்களில் பெரும்பாலும் தடுப்பூசி மட்டும் போட்டு, சீரத்துக்கு ஜி.எச்.சுக்கு (அரசு மருத்துவமனைக்கு) எழுதிக் கொடுப்பார்கள். 'அதான் ஊசி போட்டாச்சே' என்று பலர் அந்தச் சீட்டோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாளைக்குள் சீரம் போடலாம், அதன்பின் பயனில்லை. அன்றே போய்விடுவது நல்லது.

சீரம் இரண்டு வகை: குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது, மனித ரத்தத்திலிருந்து எடுப்பது. குதிரைச் சீரம் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 40 யூனிட், மனிதச் சீரம் என்றால் 20. அறுபது கிலோ ஆளுக்குக் குதிரைச் சீரம் 2,400 யூனிட். ஒரு மில்லியில் 300 யூனிட் உள்ள மருந்தானால் 8 மில்லி. அதைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் ஏற்ற வேண்டும். மொத்தத்தையும் புஜத்திலோ இடுப்பிலோ போட்டு அனுப்பினால், மருந்து வேலை செய்ய வேண்டிய இடத்தில் இல்லை என்று பொருள். காயம் பல இருந்தால் சலைனில் கலந்து அளவைக் கூட்டி எல்லாக் காயத்துக்கும் எட்ட வைப்பார்கள். விரல் நுனியில் இடம் குறைவு, கொஞ்சமாகத்தான் ஏறும். வலிக்கும், ஆனாலும் விடக்கூடாது. தனியார் மருத்துவமனையில் மனிதச் சீரம் விலை அதிகம், எல்லா நேரமும் இருப்பிலும் இருக்காது. போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அரசு மருத்துவமனையில் தடுப்பூசி தோலுக்குள் போடப்படும்: இரண்டு புஜத்திலும் 0.1 மில்லி வீதம், 0, 3, 7, 28ஆம் நாட்களில் (முதல் ஊசி போடும் நாள்தான் 0). ஊசி போட்ட இடத்தில் சிறு கொப்புளம் போல எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் மருந்து ஆழமாகப் போய்விட்டது. மறுபடி போடச் சொல்லலாம். ஒரு குப்பியைப் பலருக்குப் பகிர்வதாலும், திறந்த குப்பியைச் சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டியிருப்பதாலும்தான் சில இடங்களில் 'காலையில வாங்க' என்கிறார்கள். மூன்றாம் வகைக் காயத்தோடு அதற்காகக் காத்திருக்காமல் ஜி.எச். அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். தனியாரில் தசையில் போடுவார்கள்: 0, 3, 7, 14, 28. பெரியவர்கள் பயமுறுத்தும் தொப்புளைச் சுற்றிய 14 ஊசி, ஆட்டு மூளையில் தயாரித்த பழைய மருந்து. இந்தியாவில் 2004இலேயே நிறுத்தப்பட்டது.

28ஆம் நாளுக்குள் பலருக்குத் திரும்பும் விமானம் வந்துவிடும். மீதி ஊசியை அங்கே தசையில் போட்டுக்கொள்ளலாம், முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. அதற்குச் சீட்டில் மருந்தின் பெயர், பேட்ச் எண், தேதிகள், தோலுக்குள்ளா தசையிலா, சீரம் எத்தனை யூனிட் என எல்லாம் இருக்க வேண்டும். வெறுமனே 'ஏ.ஆர்.வி.' (ரேபிஸ் தடுப்பூசி) என்று கிறுக்கிக் கொடுத்தால் அங்குள்ள மருத்துவர் ஒன்றும் செய்ய முடியாமல் விழிப்பார். கிளம்புமுன்பே வெளிநாட்டில் முன்தடுப்பு ஊசிகளை முழுதாகப் போட்டிருந்தால் கடித்த பிறகு 0, 3ஆம் நாட்களில் இரண்டு ஊசி போதும், சீரமே வேண்டாம். குழந்தைகளோடு கிராமத்தில் நீண்ட நாள் தங்குகிறவர்களுக்கு அந்தச் செலவு தகும்.

கடித்த விலங்கு நலமாக இருக்கிறதா என்று 10 நாள் கவனிக்கும் விதி நாய்க்கும் பூனைக்கும் மட்டும், குரங்குக்குப் பொருந்தாது. அந்த 10 நாளும் சிகிச்சையைத் தள்ளிப்போட அல்ல, ஊசியைத் தொடங்கியபடியே பார்ப்பதற்கு. வளர்ப்பு நாய் என்றால் அதற்குத் தடுப்பூசி போட்ட அட்டையை வீட்டுக்காரரிடம் கேளுங்கள், ஆனால் அட்டை இருக்கிறது என்பதற்காக உங்கள் ஊசியை விட்டுவிடாதீர்கள். தெருநாய் என்றால் சென்னையில் 1913 என்ற எண்ணிலும், மற்ற ஊர்களில் நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்திலும் புகார் கொடுங்கள். 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்த நாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பொதுவாகப் பிடித்த இடத்திலேயே விடுவார்கள். ரேபிஸ் சந்தேகம் உள்ள நாயைத் தனியாக அடைத்து வைப்பார்கள். ஆகவே புகார் கொடுக்கும்போது நாய் காரணமின்றிப் பலரைக் கடித்தது, வாயில் எச்சில் வடிகிறது, தள்ளாடுகிறது என்ற அடையாளங்களை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.