சிவப்புக் கல்: உரசிப் பார்ப்பதா, தண்ணீரில் நிறுப்பதா?

ரங்கூனில் நம்ம வீடுகளில் தாத்தா காலத்து டப்பா ஒன்று இருக்கும், அதற்குள் மாணிக்கச் சுரங்க ஊரான மோகோக்கிலிருந்து வந்ததாகச் சொல்லும் நாலைந்து சிவப்புக் கற்களும் இருக்கும். மாணிக்கமா, அதைப் போலவே தெரியும் வேறு கல்லான ஸ்பினலா, வெறும் கண்ணாடியா?

செலவு: உரச ஒரு கண்ணாடித் துண்டு போதும். நிறுக்க 0.01 கிராம் காட்டும் குட்டித் தராசு வேண்டும்.

சேதம்: உரசினால் பட்டை தீட்டிய கல்லின் விளிம்பு போய்விடலாம். தண்ணீரால் மாணிக்கத்துக்கோ ஸ்பினலுக்கோ ஒன்றும் ஆகாது, நூலில் கட்டத்தான் பொறுமை வேண்டும்.

துல்லியம்: வைரத்துக்கு 10 என்று வைக்கும் மோஸ் அளவில் மாணிக்கத்தின் கடினம் 9, ஸ்பினல் 8, சாதாரணப் படிகக் கல்லான குவார்ட்ஸ்கூட 7. மூன்றுமே கண்ணாடியைக் கீறும், அப்புறம் என்ன தெரிந்தது? தண்ணீர்த் தம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி அடியில் படாமல் முழுக்குங்கள். கல்லின் எடையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 4 கிராம் கல்லுக்கு 1.00 காட்டினால் அடர்த்தி 4.0, மாணிக்கத்தின் கணக்கு, 1.11 என்றால் 3.6, ஸ்பினல். (இங்கிலாந்து மகுடத்தில் இருக்கும் 'கருப்பு இளவரசரின் மாணிக்கம்'கூட ஸ்பினல்தான்!)

பொறுக்கி வந்த கரட்டுக் கல்லில் கண்ணாடியைக் கழிக்க உரசலே போதும். பட்டை தீட்டியது, மோதிரத்திலிருந்து கழன்றது என்றால் தண்ணீர்தான். ஆனால் செயற்கை மாணிக்கமும் 4.0தான் காட்டும், கார்னெட் என்ற இன்னொரு சிவப்புக் கல்லில் சிலதும் அதன் பக்கத்தில் வரும். விற்கப் போகிறீர்கள் என்றால் மைக்ரோஸ்கோப் வைத்திருக்கும் பரிசோதனைக் கூடத்துக்கே போங்கள்.