650 ரூபாய் வைஃபை குச்சி: பொருள் நல்லது, துண்டுச்சீட்டில் இருந்த டிரைவர் வேண்டாம்

கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியம் வகுப்பு எடுக்கிறேன். கேரளப் பள்ளி லேப்களில் ஓடுவது, அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தரும் உபுண்டு (லினக்ஸ்) வழி இயங்குதளம்தான். அதனால் வீட்டு லேப்டாப்பிலும் உபுண்டு 22.04 போட்டிருக்கிறேன். அதன் உள் வைஃபை போய்விட, பொள்ளாச்சியில் 650 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி வைஃபை குச்சி வாங்கினேன். பெட்டியில் 600 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 150, 5 கிகாஹெர்ட்ஸில் 433, இரண்டையும் கூட்டினால் வரும் 583-ஐ முழுதாக்கி எழுதிய கணக்கு அது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் கிடைக்கும்.

செருகியதும் முதலில் சிடி டிரைவ் போலத் தெரிந்தது. உள்ளே விண்டோஸுக்கான டிரைவர் (குச்சியை இயக்கும் மென்பொருள்) இருந்தது. எஜெக்ட் கொடுத்தால் வைஃபையாக மாறுகிறது. இது தெரியாமல் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

பெட்டியில் இருந்த துண்டுச்சீட்டு லினக்ஸ் டிரைவருக்கு ஒரு இணைப்பு கொடுத்திருந்தது. அதை நம்பிப் போட்டேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லைன் அறுந்தது. கைட்டின் பாடவளத் தளமான சமக்ராவில் பாடவீடியோ தரவிறக்கும்போது பாதியில் நின்றால் எவ்வளவு எரிச்சல் வரும்! டிரைவரைக் கழற்றலாம் என்று, மாட்யூலை (டிரைவர் போன்ற மென்பொருள் துண்டை) இறக்கும் ஆர்எம்மாட் (rmmod) கட்டளை அடித்தால், 'மாட்யூல் பயன்பாட்டில் இருக்கிறது' என்று மறுத்துவிட்டது. நான் கழற்றப் பார்த்தது, வைஃபை டிரைவர்கள் நம்பி நிற்கும், அடியில் கிடக்கும் சிஎஃப்ஜி80211 (cfg80211) மாட்யூலை.

கோவையில் பாலிடெக்னிக் படிக்கும் என் பழைய மாணவனுக்குப் போன் போட்டேன். "டீச்சர், அடிமூட்டைய உருவ முடியுமா? எல்எஸ்மாட் அடிச்சு கடைசிக் கட்டத்தப் பாருங்க. யாரு அதப் புடிச்சிட்டு இருக்காங்கன்னு பேரு வரும். அவங்கள முதல்ல இறக்குங்க" என்றான். ஏறியிருக்கும் மாட்யூல்களைப் பட்டியலிடும் அந்த எல்எஸ்மாட் (lsmod) கட்டளையை அடித்துப் பார்த்தேன். துண்டுச்சீட்டு டிரைவரின் பெயர் அங்கே நின்றது. வைஃபையை அணைத்துவிட்டு அதை முதலில் கழற்றினேன், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் போய்விட்டது. ஆர்எம்மாடுக்குப் பதில் மாட்ப்ரோப் (modprobe) கட்டளைக்கு மைனஸ் ஆர் (-r) கொடுத்தால், கீழே யாருக்கும் தேவைப்படாமல் நிற்பவையும் சேர்ந்தே இறங்கும். ஆர்எம்மாடில் வலுக்கட்டாயமாகக் கழற்றும் மைனஸ் எஃப் (-f) பக்கம் மட்டும் போகாதீர்கள், இயங்குதளத்தின் மையமான கெர்னலே உறைந்துவிடக்கூடும்.

ஆனால் மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்தால் அதே டிரைவர் திரும்ப உட்கார்ந்திருக்கிறது. ஆர்எம்மாட் நினைவகத்திலிருந்து மட்டுமே இறக்கும், கோப்பு வட்டிலேயே இருக்கும். குச்சி செருகியிருப்பதைப் பார்த்ததும் சிஸ்டம் அதைத் தானே ஏற்றிக்கொள்கிறது. போதாததற்கு, இது வெளி டிரைவர்களைக் கெர்னலுக்கு ஏற்பக் கட்டித்தரும் டிகேஎம்எஸ் (DKMS) வழியாக வந்தது. கெர்னல் புதுப்பிக்கும்போதெல்லாம் புதிதாகக் கட்டப்பட்டுவிடும். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸில் பெயரையும் பதிப்பையும் பார்த்து, ரிமூவ் கட்டளையோடு 'ஆல்' சேர்த்து எல்லாக் கெர்னலிலிருந்தும் நீக்கினேன். பிறகு குச்சியை உருவி மறுபடி செருகினேன்.

என் லேப்டாப்பில் இருப்பது 6.8 கெர்னல். இந்தச் சிப்புக்கான டிரைவர் அதற்குள்ளேயே இருந்திருக்கிறது! துண்டுச்சீட்டு பழைய 5.15 காலத்தில் எழுதியதாக இருக்க வேண்டும். உள்ளிருந்த டிரைவர் எடுத்துக்கொண்ட நாளிலிருந்து மூன்று வாரமாக ஒருமுறைகூட லைன் அறவில்லை.

குறை என்று பார்த்தால், எங்கள் வீட்டுச் சுவர் பழைய கனத்த சுவர். சமையலறையில் 5 கிகாஹெர்ட்ஸ் எட்டவில்லை, 2.4 எட்டுகிறது. ஒரு மணிநேரம் ஓடினால் குச்சி கையைச் சுடும்.

பொருளுக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன், துண்டுச்சீட்டுக்கு ஒன்றும் இல்லை. லேபுக்கும் இரண்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறார் எங்கள் பள்ளியின் ஐடி ஒருங்கிணைப்பாளர் (எஸ்ஐடிசி). அந்தக் கணினிகளில் என்ன கெர்னல் ஓடுகிறது என்று திங்கட்கிழமை பார்த்துவிட்டுத்தான் எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி போவேன்.