ரீஜெனரேட்டிவ் ரேடியோ: ஒற்றை ரெசிஸ்டரா, டிவைடரா?

வெளிவரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே ஊட்டிப் பெருக்குவது ரீஜெனரேஷன். அப்படிப்பட்ட ரேடியோவில் டிரான்சிஸ்டரின் பேஸுக்கு பயாஸ், அதாவது அது வேலை செய்யத் தேவையான நிலையான சிறு கரண்ட், ஒரே ரெசிஸ்டரால் கொடுப்பதா, வோல்டேஜைப் பிரிக்கும் இரண்டு ரெசிஸ்டரால் (டிவைடர்) கொடுப்பதா? 9 வோல்ட் சப்ளை, பிசி547 டிரான்சிஸ்டர் என்று வைப்போம். பேஸுக்கு 2.2 மெகா ஓம் மட்டும் போட்டால் பேஸ் கரண்ட் சுமார் 3.8 மைக்ரோ ஆம்பியர். இந்த பயாஸால், நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் சுருளுக்குச் சுமையே இல்லை. ஆனால் கலெக்டர் கரண்ட் பீட்டாவின் (டிரான்சிஸ்டரின் கரண்ட் பெருக்கம்) கையில்: 110 என்றால் 0.4 மில்லி ஆம்பியர், 800 என்றால் 3. டிரான்சிஸ்டரை மாற்றினால் ரீஜெனரேஷன் வராமலே போகலாம், அல்லது விசில் நிற்காது. சூடேறினாலும் ரீஜெனரேஷன் எழும் புள்ளி நகரும்.

47 கிலோ ஓம், 10 கிலோ ஓம் டிவைடரும் எமிட்டரில் 1 கிலோ ஓமும் வைத்தால் ஏறக்குறைய 0.9 மில்லி ஆம்பியர்தான், எந்த பிசி547 ஆனாலும். சிக்கல் வேறு: டிவைடர் 8.2 கிலோ ஓம் சுமை. சுருளின் மேல்முனையில் கட்டினால் கியூ (நிலையங்களைப் பிரிக்கும் கூர்மை) சரிந்து நிலையங்கள் கலக்கும். பேஸ் சுருளின் கீழ்முனையைக் கிரவுண்டிலிருந்து பிரித்து அங்கே டிவைடரைச் சேர்த்து, 0.01 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரைக் கிரவுண்டுக்குப் போடவும். எமிட்டரிலிருந்தும் கிரவுண்டுக்கு அதே கெபாசிட்டர், சிக்னலுக்கு மாற்றுவழியாக (பைபாஸ்). விட்டுவிட்டால் பெருக்கம் குறைந்து ரீஜெனரேஷன் எழாது. நாலு பாகம் கூடுதல்தான், ஆனாலும் இதையே கட்டலாம்.