'போட்டேனா, இல்லையா?': அலாரம், மெடிசேஃப், மைதெரபி

என் அக்கா மகளுக்கு 17 வயது. வலிப்பு நோய்க்குக் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் லெவெடிராசிட்டாம் மாத்திரை போட வேண்டும். வேளை தவறினால் வலிப்பு திரும்பி வரலாம் என்பது அவளுக்கே நன்றாகத் தெரியும். ஆனாலும் இரவு மாத்திரை அடிக்கடி விட்டுப்போனது. அது டியூஷன் நேரம். அதனால் போன் அலாரம், பிறகு மெடிசேஃப், மைதெரபி என்ற மாத்திரை நினைவூட்டும் இரண்டு ஆப்கள் என மூன்று வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

முதலில் போன் அலாரம். காசு இல்லை, நெட் வேண்டாம், கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை. ஆனால் அலாரத்துக்கு மணி மட்டும்தான் தெரியும். வகுப்பில் அடித்ததும் அணைத்துவிடுவாள். ஒன்பதரைக்கு மாத்திரை அட்டையோடு வந்து நிற்பாள்: "சித்தி, நான் போட்டேனா, இல்லையா?" காலியான குழிகளை இருவரும் எண்ணுவோம். காலையில் பழைய அட்டையிலிருந்து ஒன்றை எடுத்திருந்தால் அந்தக் கணக்கும் உதவாது. சந்தேகத்தில் இரண்டாவது மாத்திரையைப் போட்டுவிடுவாளோ என்பதுதான் என் பெரிய பயம்.

மெடிசேஃப் பிறந்ததும் இதே கேள்வியில்தான். இஸ்ரேலில் ஷோர் சகோதரர்களின் அப்பா, இன்சுலின் போட்டதை மறந்து மறுபடியும் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு மகன்கள் 2012இல் தொடங்கியது இந்த ஆப். மாத்திரையின் வடிவமும் நிறமும் திரையில் தெரியும். போட்டதும் தொட்டுக் குறித்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. குறிக்காமல் விட்டால், 'மெட்ஃபிரெண்ட்' என்று நாம் சேர்த்து வைத்திருப்பவருக்குத் தகவல் போகும்.

இங்கேதான் நாங்கள் தவறு செய்தோம். மெட்ஃபிரெண்டாக அக்காவைச் சேர்த்தோம். அம்மாவின் போன் வருவதற்கு முன்பே, மாத்திரை போடாமலே 'போட்டாச்சு' என்று தொட ஆரம்பித்தாள். பதிவில் எல்லாம் சரியாக இருந்தது, மாத்திரை மட்டும் டப்பாவிலேயே கிடந்தது. ரத்த அழுத்தம் உள்ள 411 பெரியவர்களை வைத்து 12 வாரம் மெடிசேஃபைச் சோதித்து, 2018இல் முடிவு வெளியிட்டார்கள். மருந்தைச் சரியாகப் போடுவதாக அவர்களே சொன்ன அளவு கொஞ்சம் கூடியது. ரத்த அழுத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் பச்சை டிக்கை மட்டும் பார்த்து நிம்மதியடையாதீர்கள்.

மைதெரபி ஜெர்மனியின் மியூனிக்கில் உருவானது, இலவசம். நினைவூட்டலோடு உடல் அறிகுறி, மனநிலை, அளவீடுகள் எல்லாம் ஒரே இடத்தில் பதிவாகும். அதை அறிக்கையாக எடுத்து டாக்டரிடம் நீட்டலாம். நீட்டுவது பிள்ளையின் கையில்தான் இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்தது. ஹாஸ்டலில் இருக்கும், தானே பொறுப்பெடுக்கத் தயாரான 20 வயதுக்காரருக்கு இதைத்தான் சொல்வேன். எங்கள் பெண்ணுக்கு இன்னும் ஒரு கை தேவைப்பட்டது.

இன்சுலின் போடும் பிள்ளைகளின் கதை வேறு. சாப்பாட்டையும் சர்க்கரை அளவையும் பார்த்து இன்சுலினின் அளவு மாறும்போது வெறும் மணியோசை போதாது. வியன்னாவில் உருவான மைசுகர் போன்ற சர்க்கரைப் பதிவு ஆப்தான் அவர்களுக்குப் பொருந்தும்.

இப்போது அவள் போனில் இருப்பது மெடிசேஃப். மெட்ஃபிரெண்ட் யார் என்பதை அவளே முடிவு செய்தாள்: டியூஷனில் பக்கத்தில் உட்காரும் தோழி. அப்புறம், போனின் பேட்டரி சேமிப்பு அமைப்பில் இந்த ஆப்புக்கு விலக்குக் கொடுத்தோம். இல்லாவிட்டால் சில போன்களில் நினைவூட்டல் வராமலே போகும். வேளை தவறினால் எத்தனை மணி நேரத்துக்குள் போடலாம் என்று டாக்டரிடம் முன்பே கேட்டு, அதையும் போனில் எழுதி வைத்திருக்கிறாள்.