கிராம்ப்ஸ்: ரெண்டு வருஷம் ஓட்டிப் பாத்ததுல தோணினது

முதல்லயே சொல்லிடறேன், போன்ல நாலு தட்டு தட்டுனா கலர் கலரா வம்ச மரம் வரையற ஆப் வேணும்னு வந்தவங்க இங்கயே கிளம்பிடலாம். கிராம்ப்ஸ்ங்கற இந்த வம்சாவளி சாஃப்ட்வேர் அந்த ரகம் இல்ல. திறந்தா பழைய கணக்குப்பிள்ளையோட பேரேடு மாதிரி இருக்கும், இடது ஓரத்துல வரிசையா ஐகான், நடுவுல நீளமா ஒரு லிஸ்ட், அவ்ளோதான். 2001ல ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் (கோட யார் வேணா பாக்கலாம், மாத்தலாம்) ப்ராஜெக்ட், லினக்ஸ், விண்டோஸ், மேக் மூணுலயும் ஓடும், காசு கிடையாது, அக்கவுன்ட் திறக்க வேண்டாம், மேப் பாக்கறது மாதிரி ஒண்ணு ரெண்டு வேலைய விட்டா நெட் கூட வேண்டாம். எல்லாம் நம்ம கம்ப்யூட்டர்லயே இருக்கும்.

இந்த கடைசி வரிக்காகத்தான் நான் இதுக்கு வந்தேன். முன்னாடி வருஷ சந்தா கட்டுற ஒரு ஆன்லைன் சர்வீஸ்ல (பேர் வேண்டாம்) நூத்தி எண்பது பேர் வரைக்கும் ஏத்தி வச்சிருந்தேன். ஒரு வருஷம் கார்டு எக்ஸ்பைரி ஆகி சந்தா நின்னு போச்சு. மரம் தெரியுது, ஆனா அதுல நான் ஒட்டி வச்ச பழைய ரெகார்டுகள திறக்கப் போனா மறுபடி பணம் கட்டுங்குது. சரி எடுத்துட்டு போயிடலாம்னு ஜெட்காம் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணேன். ஜெட்காம்ங்கறது 1984லேர்ந்து இருக்கற ஃபார்மட், அநேகமா எந்த வம்சாவளி சாஃப்ட்வேரும் படிக்கும், ஆனா அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான். பேர், தேதி, யாருக்கு யார் பிள்ளை எல்லாம் ஒழுங்கா வந்துச்சு. போட்டோ ஒண்ணு கூட வரல. எல்லாத்தையும் ஒவ்வொண்ணா டவுன்லோட் பண்ண மூணு ஞாயித்துக்கிழமை போச்சு.

இப்ப கிராம்ப்ஸ்ல எனக்கு பிடிச்ச விஷயத்துக்கு வரேன். எங்க பாட்டிக்கு மூணு பிறந்த வருஷம். ஸ்கூல் பேப்பர்ல 1931, கல்யாண பதிவுல 1934, அரசாங்க அட்டையில 1933. பாட்டிய கேட்டா "பெரிய வெள்ளம் வந்தப்ப நான் கைக்குழந்தை"ன்னு சொல்லிட்டு சிரிக்கறாங்க. மத்த இடத்துல எல்லாம் ஒரு கட்டம், ஒரு தேதி, ஏதாவது ஒண்ண போட்டுட்டு மத்தத மறந்துடுன்னு அர்த்தம். இங்க பிறப்புங்கறது தனி ஈவென்ட், அதாவது தனியா ஒரு நிகழ்ச்சிப் பதிவு. மூணு தேதிக்கு மூணு ஈவென்ட் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் எந்த பேப்பர்ல எந்த பக்கத்துல பாத்தேன்னு சைட்டேஷன் குடுத்து, அத எவ்ளோ நம்பலாம்னு "ரொம்ப கம்மி"லேர்ந்து "ரொம்ப அதிகம்" வரைக்கும் அஞ்சு படி இருக்கு, அதுல ஒண்ண வைக்கலாம். தேதியையே "1935க்கு முன்னாடி", "சுமாரா 1930", "இந்த வருஷத்துக்கும் அந்த வருஷத்துக்கும் நடுவுல"ன்னு குடுத்தாலும் அது புரிஞ்சுக்கும், சரியான வரிசையில அடுக்கும். பாட்டி சொன்ன வெள்ளக் கதைய ரெக்கார்ட் பண்ண ஆடியோ ஃபைலையும் ஒரு சோர்ஸாவே, அதாவது ஆதாரமாவே சேத்துட்டேன். மூணுல எது சரின்னு எனக்கு இன்னும் தெரியாது, தெரியாதுங்கறதே பதிவா இருக்கு, அது போதும்.

ஊர் பேருக்கும் இதே பொறுமை. ஒரே ஊருக்கு காலத்துக்கு ஒரு பேர் இருந்தா தேதியோட போட்டு வைக்கலாம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 1914ல பெட்ரோகிராட், 1924ல லெனின்கிராட், 1991ல மறுபடி பழைய பேர்னு ஆச்சே, அந்த மாதிரி கேஸுக்கு நாலு ஊர் உருவாக்க வேண்டாம், ஒரு ஊர், அதுக்குள்ள பல பேர். அந்த ஊர் எந்த காலத்துல எந்த மாவட்டத்துக்குள்ள இருந்துச்சுன்னும் சொல்லலாம். பழைய ரெகார்டு எந்த ஆபீஸ்ல இருக்கும்னு தேடறப்ப இது எவ்ளோ உதவும்னு தேடி அலைஞ்சவங்களுக்கு தெரியும்.

கடுப்பேத்தற விஷயங்களும் இருக்கு. முதல் வாரம் எனக்கு தலை சுத்துச்சு, ஏன்னா ஒருத்தரோட விவரத்தை திறந்து "இவங்க அப்பா இவர்"னு நேரா எழுத முடியாது. குடும்பம்னு தனியா ஒண்ண உருவாக்கி அதுக்குள்ள அப்பா, அம்மா, பிள்ளைங்கள சேக்கணும். என்னடா இது, வீட்ல பிறந்தா போதாதா, ஃபார்ம் வேற ரொப்பணுமான்னு இருந்துச்சு. அப்புறம் தாத்தாவோட ரெண்டாவது கல்யாணத்த ஏத்தறப்ப புரிஞ்சுது, இன்னொரு குடும்பம், அவ்ளோதான், சிக்கலே இல்ல. தத்துப் பிள்ளையா, சொந்தப் பிள்ளையான்னு அப்பாவுக்கு தனியா அம்மாவுக்கு தனியா குறிக்கலாம். உறவுமுறை கணக்கு போடற கருவி ஒண்ணு இருக்கு, ஆனா இங்கிலீஷ்ல வச்சிருந்தா எல்லாரையும் கசின்னு ஒரே மூட்டையா கட்டிடும், பெரியப்பா பொண்ணா மாமா பொண்ணான்னு நீங்கதான் கண்டுபிடிச்சுக்கணும்.

நான் பண்ண முட்டாள்தனம் ஒண்ணு. ஒரே பேர்ல ஒரே அப்பாவுக்கு ரெண்டு பையன் என்ட்ரி இருந்துச்சு, டூப்ளிகேட்டுன்னு நெனச்சு ரெண்டையும் ஒண்ணா மெர்ஜ் பண்ணிட்டேன். ஒரு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது, முதல் பையன் ரெண்டு வயசுல இறந்துட்டான், அடுத்து பிறந்தவனுக்கு அதே பேர வச்சிருக்காங்க. அன்னைக்கே கவனிச்சிருந்தா அன்டூ பண்ணிருக்கலாம், மூடிட்டு திறந்தா அந்த அன்டூ போயிடும். மூடறப்ப தானா பேக்கப் எடுக்கற செட்டிங் ஆன்ல இருந்ததால தப்பிச்சேன். அந்த சின்னப் பையன திரும்ப தனியா வரவழைச்சப்ப ஏதோ மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.

பேக்கப்னு சொன்னேன் இல்ல, அங்கதான் பெரிய பொறி இருக்கு, தயவுசெஞ்சு கவனிங்க. கிராம்ப்ஸ் உங்க போட்டோவ தனக்குள்ள வச்சுக்காது, அது எந்த ஃபோல்டர்ல இருக்குங்கற விலாசத்த மட்டும்தான் வச்சுக்கும். தானா எடுக்கற பேக்கப்புல படம் வராது. நான் ஒரு நாள் சுத்தம் பண்றேன் பேர்வழின்னு ஃபோல்டர் பேர மாத்திட்டேன், நானூறு படம், எத கிளிக் பண்ணாலும் ஃபைல் இல்லைங்குது. மீடியா மேனேஜர்னு ஒரு டூல் இருக்கு, பழைய பாதைக்கு பதிலா புது பாதைன்னு ஒரே அடியா மாத்திடலாம், ஆனா அது இருக்குன்னு தெரியறதுக்குள்ள எனக்கு வேர்த்துடுச்சு. மாசம் ஒரு தடவை எக்ஸ்போர்ட் போய் படத்தோட சேந்த பேக்கேஜா எடுத்து, ஒண்ணு வெளி ஹார்ட் டிஸ்க்லயும் ஒண்ணு வேற வீட்ல இருக்கற தங்கச்சிகிட்டயும் குடுத்து வைக்கறேன்.

ஸ்கேன் பண்றதுக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல, இருந்தாலும் சொல்றேன். சின்ன பிரின்ட் போட்டோன்னா 600 டிபிஐல (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) டிஃப் ஃபைலா எடுங்க, ஜேபெக் ஒவ்வொரு தடவை எடிட் பண்ணி சேவ் பண்றப்பவும் கொஞ்சம் கொஞ்சமா தேயும். பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க, பாதி வரலாறு அங்கதான் எழுதி இருக்கும். நீங்க எழுதணும்னா மெத்துனு இருக்கற பென்சில்ல லேசா எழுதுங்க, பால்பாயின்ட் முன்பக்கம் தடம் விழும். பசை தடவின பக்கத்துல ஒட்டி மேல பிளாஸ்டிக் மூடற ஆல்பம் இருக்கே, அதுலேர்ந்து முதல்ல படங்கள காப்பாத்துங்க. பிடுங்காதீங்க, பல்லு குத்தற ஃபிளாஸ் நூல அடியில விட்டு மெதுவா அறுத்தா வந்துடும். வரலைன்னா ஆல்பத்தோட வச்சு ஸ்கேன் பண்ணிடுங்க.

சொந்தக்காரங்க யாரும் இத இன்ஸ்டால் பண்ண மாட்டாங்க, எதிர்பாக்காதீங்க. பிடிஎஃப்பா ரிப்போர்ட் எடுத்து அனுப்பலாம், விசிறி மாதிரி விரியற சார்ட் ஒண்ணு இருக்கு, அத பிரின்ட் போட்டு குடுத்தேன், அதுக்கு அப்புறம்தான் சித்தப்பா வாயே திறந்தார், அதுவரைக்கும் "இதெல்லாம் எதுக்குடா"ன்னுட்டு இருந்தவர் பேனாவ எடுத்து நாலு தப்ப திருத்தினார். சர்வர் வைக்க தெரிஞ்சவங்களுக்கு கிராம்ப்ஸ் வெப்னு பிரவுசர்ல ஓடறது இருக்கு, குடும்பமா சேந்து எடிட் பண்ணலாம், எனக்கு அவ்ளோ பொறுமை இல்ல. ஆனா எது அனுப்பினாலும் உயிரோட இருக்கறவங்க விவரத்த மறைக்கற ஆப்ஷன டிக் பண்ணிட்டு அனுப்புங்க. அம்மாவோட பிறந்த வீட்டு பேர் என்னன்னு பாஸ்வேர்ட் ரீசெட்ல கேக்கறாங்க இல்ல, நாம அத அழகா சார்ட் போட்டு ஊருக்கே குடுத்துடுவோம்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். அந்த ஒண்ண குறைச்சது முதல் வாரத்து தலைவலிக்கு.

ஒரு குரூப் போட்டோல ஓரமா, பாதி முகம் திரும்பி, ஒரு அம்மா நிக்கறாங்க. பாட்டிக்கும் தெரியல, சித்தப்பாவுக்கும் தெரியல. படத்துல அந்த முகத்த மட்டும் கட்டம் கட்டி, பேர் தெரியாதவங்கன்னு ஒரு என்ட்ரி போட்டு வச்சிருக்கேன். பெற்றோர் காலி, பிறப்பு காலி, ஒரே ஒரு ஈவென்ட்: அந்த போட்டோ எடுத்த நாள், சுமாரா 1952.