கொழும்புக்கு இரவு பஸ்ஸா, ரயிலா?

கொழும்புப் பயணம் என்று பேச்செடுத்தால் யாழ்ப்பாணத்தில் பல வீடுகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். பெரியவர்கள் ரயில் பக்கம், இளையவர்கள் இரவு பஸ் பக்கம். இரு தரப்பும் தூக்கிப் பிடிப்பது டிக்கெட் விலையை. என் கணக்கில் டிக்கெட் பாதிச் செலவுதான். மீதி, வீட்டுப் படலையிலிருந்து ஏறும் இடம் வரையிலும், இறங்கிய இடத்திலிருந்து அலுவல் நடக்கும் இடம் வரையிலும் கரைகிறது. ஓட்டோக் கூலி, விடுதி வாடகை, அகாலத்தில் வாங்கிக் குடிக்கும் தேநீர், நித்திரை கெட்டதால் வீணாகும் மறுநாள் எல்லாவற்றையும் கூட்டித்தான் எது மலிவு என்று சொல்ல வேண்டும்.

பஸ் கட்சி இவ்வளவு பலமாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயில் போரால் 1990 ஜூனில் நின்றது. மறுபடி யாழ்ப்பாண நிலையத்துக்கு ரயில் வந்தது 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ரயில் என்பது பெரியவர்கள் சொல்லும் கதை. பாதை திறந்திருந்த காலங்களில் அவர்களுக்குப் பழக்கமானது பஸ்தான். பஸ்காரர்களும் அந்தப் பழக்கத்தை நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள். பருத்தித்துறை, காரைநகர் என்று ஊர்களிலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்படும் பஸ்கள் உண்டு. தொலைபேசியில் ஆசனம் சொல்லிவைக்கலாம். தனியாகப் போகும் பெண் என்று சொன்னால் பெரும்பாலும் இன்னொரு பெண்ணின் பக்கத்தில் இடம் ஒதுக்குவார்கள். ரயில் நிலையத்துக்கு ஓட்டோ பிடித்துப் போகும் வடமராட்சிக்காரருக்கு அந்தக் கூலி ஒன்றே ரயிலின் மலிவைத் தின்றுவிடும்.

விலை வரிசை எளிது. முன்பதிவு இல்லாத மூன்றாம் வகுப்பு ரயில் டிக்கெட்டை விட மலிவானது இந்தப் பாதையில் எதுவும் இல்லை. குளிரூட்டிய முதலாம் வகுப்பும் தனியார் சொகுசு பஸ்ஸும் மேல் படியில் இருக்கின்றன. இடையில் இ.போ.ச. (அரச போக்குவரத்துச் சபை) சாதாரண பஸ்ஸும் பதிவு செய்த இரண்டாம், மூன்றாம் வகுப்பு ஆசனங்களும். ஆனால் அந்த மிக மலிவான டிக்கெட்டை இளைஞர்களுக்கு மட்டுமே சிபாரிசு செய்வேன். நல்லூர்த் திருவிழாக் காலத்தில், அல்லது போயா (பௌர்ணமி) விடுமுறையோடு சனி ஞாயிறு சேரும் வாரத்தில், ஏறக்குறைய 400 கிலோமீற்றரையும் வாசலோரம் நின்றபடி போக வேண்டி வரலாம்.

பதிவு செய்த இரண்டாம் வகுப்பு ஆசனம் கிடைத்தால் ரயிலை அடிக்க ஆளில்லை. காரணம் கழிவறை. பயணக் குறிப்பு எழுதுவோர் இதை நாகரிகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் முதல் தகுதி. நீரிழிவு உள்ள அம்மாவையோ, மூன்று வயதுப் பிள்ளையையோ கூட்டிக்கொண்டு இரவு பஸ்ஸில் போனவருக்கு விளக்கம் தேவையில்லை. பஸ் எங்கே நிற்கும் என்பது சாரதிக்கும் அவருக்குப் பழக்கமான சாப்பாட்டுக் கடைக்கும் இடையிலுள்ள ஏற்பாடு. நள்ளிரவு தாண்டிய நேரத்தில், வெள்ளைக் குழல் விளக்கின் கீழ், கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய றோல்ஸும் ஆறிப்போன பரோட்டாவும் ஊர் விலையை விடக் கூடுதலாக விற்கும். பயணிகள் கழிவறை கிடைக்காதே என்று பயந்து மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், அது இன்னும் கேடு. வீட்டிலிருந்து இடியப்பமோ பாணோ கட்டிக்கொண்டு போனால் காசு மிச்சம். கழிவறைக்கு மாற்று எதையும் கட்டிக்கொண்டு போக முடியாது.

சொகுசு பஸ்ஸின் குளிரும் தனிக்கதை. தலைக்கு மேலுள்ள காற்றுத் துவாரத்தின் மூடி பல பஸ்களில் உடைந்திருக்கும். முன்னர் இருந்தவர் பத்திரிகைத் தாளை நாலாக மடித்துச் செருகிவிட்டுப் போயிருப்பார். வவுனியா தாண்டும்போது அந்தத் தாள் விழும். பிறகு விடியும் வரை பிடரியில் நேராக அடிக்கும் காற்றுதான். ஒரு போர்வையும் காது மூடும் தொப்பியும் இல்லாமல் அந்த ஆசனத்தில் ஏறாதீர்கள். குளிரூட்டாத பஸ்ஸில் யன்னலைத் திறந்து வைத்துப் போவது மலிவு மட்டுமல்ல, என்னைக் கேட்டால் சுகமும்கூட.

ரயிலின் பலவீனம் டிக்கெட் எடுப்பதில் இருக்கிறது. பதிவு பயண நாளுக்கு 30 நாள் முன்னர் திறக்கும். விழாக் காலத்து ஆசனங்கள் அன்றைக்கே போய்விடும். தேசிய அடையாள அட்டை இலக்கத்தோடு பதிவு செய்து, பயணத்தின்போது அட்டையையும் கையில் வைத்திருக்க வேண்டும். இதில் பிந்தியவர்கள் வெளியாரிடம் கூடுதல் காசு கொடுத்து வாங்க நினைக்கக் கூடாது. வேறொருவரின் இலக்கத்தில் எடுத்த டிக்கெட்டோடு பரிசோதகர் முன் விழிக்க வேண்டி வரும். இன்னொன்று, இந்தப் பாதை சில நேரம் மாதக் கணக்கில் மூடப்படுவதும் உண்டு. 2024 ஜனவரியில் மஹவவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே திருத்த வேலைக்காக மூடினார்கள். நாள் குறிக்கும் முன்னர் ரயில் முழுத் தூரமும் ஓடுகிறதா என்று நிலையத்தில் ஒரு தடவை விசாரித்துவிடுவது நல்லது.

கொழும்பில் எங்கே இறங்குகிறோம் என்பதில் பலர் காசை விடுகிறார்கள். வெள்ளவத்தையில் தங்குபவருக்குத் தனியார் பஸ் வசதி; காலி வீதியிலேயே இறக்கிவிடும். ரயிலில் வந்து கோட்டை நிலையத்தில் இறங்கியவர் ஓட்டோக்காரரோடு விலை பேசத் தேவையில்லை, 100ஆம் அல்லது 101ஆம் இலக்க பஸ் காலி வீதி வழியே வெள்ளவத்தைக்குப் போகிறது. கல்கிசை வரை ஓடும் ரயிலாக இருந்தால் அதுவும் வேண்டியதில்லை. மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போவோருக்கு 138 கைகொடுக்கும். நோயாளியோடு போகும்போது மட்டும் இந்தச் சிக்கனத்தை விட்டுவிட்டு, செயலியில் வாடகை வண்டி பிடியுங்கள். விலை முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போவதானால் கணக்கு தலைகீழாகிறது. ரயில் உங்களைக் கோட்டை வரை கொண்டுபோய்விடும். அங்கிருந்து 187ஆம் இலக்க பஸ்ஸில் வந்த திசையிலேயே திரும்ப வேண்டும். புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாக ஓடும் பஸ் கட்டுநாயக்கவைத் தொட்டுக்கொண்டே போகிறது. பதிவு செய்யும்போதே எந்த வழி என்று கேளுங்கள். குருநாகல் வழி பஸ் என்றால் இந்த அனுகூலம் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரை ஏற்ற வான் பிடிப்பது நாலு பேருக்கு மேல் இருந்தால்தான் கட்டுப்படியாகும். பெட்டிகள் நிறைய என்றால் வேறு வழியில்லை, வான்தான்.

நேரத்தைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இது. காலையில் அலுவல், மாலையில் திரும்பலாம் என்றால் போவதும் வருவதும் இரவில் இருக்கட்டும். இரண்டு இரவு விடுதிச் செலவு மிஞ்சும். பகல் ரயில் ஆறுதலானது. வன்னிக் காடும் வயலும் பார்த்துக்கொண்டு, கச்சான் கொறித்துக்கொண்டு போகலாம். ஆனால் அது போய்ச் சேரும்போது அலுவலகங்கள் மூடும் நேரம் நெருங்கிவிடும், அன்றிரவு தங்க இடம் தேட வேண்டும். உறவினர் வீடு இலவசம் என்று நினைக்க வேண்டாம். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு பெட்டி, முருங்கைக்காய்க் கட்டு, ஒடியல் மா, அவர்கள் மருமகளுக்கு ஏதாவது என்று கூட்டிப் பாருங்கள். விடுதி மலிவாகத் தெரியும்.

சில அலுவல்களுக்கு இந்தப் பயணமே வேண்டியதில்லை. கடவுச்சீட்டுக்குப் பத்தரமுல்லைக்குப் போனது பழைய கதை. 2025 செப்டம்பர் 1 முதல் யாழ். மாவட்டச் செயலகத்திலேயே பிராந்திய அலுவலகம் இயங்குகிறது. இது தெரியாமல் இன்னும் இரவு பஸ் ஏறுபவர்கள் இருக்கிறார்கள். இந்தியத் துணைத் தூதரகமும் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் இன்னும் கொழும்பைச் சுற்றிப் போவதுதான் எனக்கு வியப்பு. அந்த விமான டிக்கெட் மலிவாகத் தெரிந்தாலும் இரவு பஸ், கட்டுநாயக்கவில் காத்திருப்பு, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் வித்தியாசம் போய்விடும். சென்னைக்கும் 2025 மார்ச்சிலிருந்து திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்தே விமானம் ஏறலாம். காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில் ஆரம்பித்து, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி வந்தது. கடலில் சுமார் நான்கு மணித்தியாலம். வேளாங்கண்ணி, நாகூர், தஞ்சாவூர் என்று போகிற குடும்பத்துக்குக் கப்பல் கொண்டுபோய் இறக்கும் இடம் மிகப் பொருத்தம். சென்னைக்குப் போவோர் கப்பலில் மிச்சம்பிடித்ததை நாகப்பட்டினத்திலிருந்து போகும் நீண்ட பயணத்தில் விட வேண்டியிருக்கும், அவர்களுக்குப் பலாலிதான் சரி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும். அந்த மாதங்களில் திருமணம், சத்திரசிகிச்சை என்று தள்ளிவைக்க முடியாத காரியத்துக்குக் கப்பலை நம்பி நாள் வைக்காதீர்கள். கார்த்திகையில் நாகூருக்குத்தான் போக வேண்டும் என்றால் திருச்சிக்குப் பறந்து, அங்கிருந்து பஸ் பிடியுங்கள்.